54 கிலோ மீன்... ஆனா 2018 வரைக்கும் பெயரே இல்லை! காவிரி மஹ்சீருக்கு என்ன ஆச்சு?

"ஆத்துல மீன் குறைஞ்சுபோச்சா? குஞ்சு வாங்கி விட்டா சரியாகிடும்!" நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால், காவிரியில் நல்லெண்ணத்தோடு விடப்பட்ட மீன்களே அந்த ஆற்றின் சொந்த மீன் ஒன்றுக்கு வினையாகிவிட்டன. அதுதான் திமில் மஹ்சீர்.

அப்படி என்ன ஸ்பெஷல்?

கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ராட்சத மீன் இது. தலைக்குப் பின்னால் காளைக்கு இருப்பது போல ஒரு மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்புகள். காவிரியிலும் அதன் துணை ஆறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 1946-ல் கபினி ஆற்றில் தூண்டிலில் சிக்கிய ஒரு மஹ்சீரின் எடை 120 பவுண்டு. அதாவது, சுமார் 54 கிலோ!

சிக்கல் எங்கே தொடங்கியது?

அணைகள், மணல் அள்ளுவது, வெடி வைத்து மீன் பிடிப்பது என இதற்கு ஏற்கெனவே ஏகப்பட்ட தொல்லை. 'மஹ்சீர் குறையுதே' என்ற கவலையில், 1970-களிலிருந்து பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். ஆனால், அவை நீலத்துடுப்பு மஹ்சீர். பெயரில் மஹ்சீர் இருந்தாலும் அது வேறு இனம். வந்த மீன் பெருகியது. சொந்த மீன் சரிந்தது.

இது எப்படித் தெரிந்தது?

காவிரியில் மீனைப் பிடித்து, எடை பார்த்து, மீண்டும் ஆற்றிலேயே விடும் தூண்டில்காரர்கள் குறிப்பு எழுதிவைப்பது வழக்கமாக இருந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். திமில் மஹ்சீர் சிக்குவது குறைந்துகொண்டே வந்திருந்தது. சிக்கிய சிலவும் பெரிய மீன்கள். கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். உண்மையில் அதுதான் அபாய மணி. கிழடுகள் மட்டும் மிச்சம், குட்டிகள் வரவில்லை என்று அர்த்தம்.

பெயர் ஏன் முக்கியம்?

நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டில்காரர்கள் கொண்டாடிய மீன்தான். ஆனால், உறுதியான அறிவியல் பெயர் இல்லை. பெயர் இல்லாத உயிரினத்தை ஐ.யு.சி.என் சிவப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? நீலகிரி அடிவாரத்தில் ஓடும் மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்த பிறகே விடை கிடைத்தது. கேரளத்தின் பாம்பாற்றில் பிடித்த சிறு மீன்களை வைத்து முன்பே பெயரிடப்பட்ட 'டோர் ரெமாதேவி'யும் இதுவும் ஒன்றுதான் என 2018-ல் உறுதியானது. அதே ஆண்டில், 'மிக அருகிவிட்ட இனம்' என்று சிவப்புப் பட்டியலில் இடம்பிடித்தது. அழிவுக்கு ஒரு படி முந்தைய நிலை இது.

இப்போ என்ன செய்யணும்?

மிச்சமிருக்கும் முக்கிய இடங்களில் ஒன்று, முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி ஓடும் நம்ம மோயாறு. அங்கே நீரோட்டம் தடைபடக் கூடாது. வெடியும் விஷமும் கூடாது. வெளி மீன் உள்ளே வரவே கூடாது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுத் தொட்டியில் அலுத்துப்போன மீனை ஓடையில் விடாதீங்க. அடுத்த முறை 'ஆற்றில் லட்சம் மீன் குஞ்சுகள் விடப்பட்டன' என்று செய்தி வந்தால், லைக் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எந்த மீன், அது அந்த ஆத்து மீன்தானா?