'அன்லெஸ்' இருக்க 'நாட்' எதற்கு?

"போத் தி வீவர் அண்ட் தி ஓனர் டிட் நாட் கம்." இதில் பிழை எங்கே என்று போட்டித் தேர்வில் கேட்டால், ஆங்கிலம் ஓரளவு கைவந்தவர்கள்கூட இரண்டு முறை படித்துவிட்டு 'நோ எர்ரர்' என்பதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நெசவாளரும் முதலாளியும் வரவில்லை. பொருள் பளிச்சென்று புரிகிறதே! ஆனால் மதிப்பெண் கைநழுவுவது அங்கேதான். இருவருமே வரவில்லை என்றால் ஆங்கிலம் 'போத்' பக்கம் போகாது. 'நீதர் தி வீவர் நார் தி ஓனர் கேம்' என்றுதான் சொல்லும்.

நெசவாளரை எடுத்துக்காட்டாக்கியதற்குக் காரணம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாக நதிக்கரையில் இருக்கும் ஆரணி, புவிசார் குறியீடு பெற்ற பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊர். இதுபோன்ற நெசவு ஊர்களில் பட்டம் முடித்த பிள்ளைகள் வங்கித் தேர்வுக்கும் மத்திய அரசுத் தேர்வுக்கும் விண்ணப்பிப்பதன் காரணத்தை அதிகம் தேட வேண்டியதில்லை. 2019-20 ஆண்டின் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டவில்லை.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 2022 முதல் பொது ஆங்கிலம் கிடையாது, தமிழ்தான் கட்டாயம். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் பொதுத் தமிழோ பொது ஆங்கிலமோ, விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். மத்திய அரசுத் தேர்வுகளில் இந்தச் சலுகை இல்லை. எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்விகள், 135 மதிப்பெண். அங்கே தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண் கழியும். ஐ.பி.பி.எஸ். நடத்தும் வங்கி அதிகாரி முதல்நிலைத் தேர்வில் 20 நிமிடங்களில் 30 ஆங்கிலக் கேள்விகளை முடிக்க வேண்டும். கணக்கில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் ஆங்கிலத்தின் கட்-ஆஃப்பைத் தனியாகத் தாண்டியாக வேண்டும்.

பிழை கண்டறிதல், வாக்கியத் திருத்தம், கோடிட்ட இடம் நிரப்புதல் என்று எந்த வகைக் கேள்வியிலும் 'கன்ஜங்ஷன்' எனப்படும் இணைப்புச்சொற்கள் எட்டிப் பார்க்கும். அவற்றின் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். பல பிழைகளின் வேர், நம் தமிழ் வாக்கியம் அமையும் விதத்திலேயே இருக்கிறது.

தமிழ் மறுப்பை வினைச்சொல்லுக்குள் வைக்கும். 'ஜரிகை இன்று வராவிட்டால் சேலை முடியாது' என்கிறோம். அதே நினைப்பில் எழுதும்போது 'அன்லெஸ் தி ஜரி டஸ் நாட் கம் டுடே' என்று வந்துவிடுகிறது. 'அன்லெஸ்' என்ற சொல்லே மறுப்பைச் சுமந்துகொண்டு வருவதால் அங்கே 'நாட்' கூடாது. 'அன்லெஸ் தி ஜரி கம்ஸ் டுடே' என்பதே சரி. 'ஜரிகை வராத வரைக்கும் தறி ஓடாது' என்பதும் இப்படித்தான். 'வராத' என்ற சொல் 'அன்டில்' பின்னால் ஒரு 'நாட்'டை இழுத்து வந்துவிடும். 'அன்டில் தி ஜரி கம்ஸ்' என்றால் போதும். இந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் 'வில்' போடுவதும் தேர்வில் பிழையே. நாளைக்கு நடக்கப்போவதானாலும் நிகழ்காலத்தில்தான் எழுத வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான் 'லெஸ்ட்'. 'இழை அறுந்துவிடாதபடி மெல்ல இழு' என்பதில் தமிழுக்கு எதிர்மறை தேவை. ஆங்கிலத்தில் 'லெஸ்ட் தி த்ரெட் ஷுட் பிரேக்' என்று நிறுத்த வேண்டும். 'ஷுட் நாட் பிரேக்' என்று எழுதினால் இழை அறுந்தே போகட்டும் என்று பொருள் திரும்பிவிடும்.

அடுத்த சிக்கல் ஜோடிகளில். தமிழில் ஒரே கருத்தை இரண்டு முனையிலும் குறிப்பது சகஜம். 'என்னதான் கூலி குறைந்தாலும்' என்பதில் 'என்னதான்' ஒரு முனை, 'ஆலும்' மறு முனை. 'ஒருவேளை ஆர்டர் வந்தால்', 'ஏனென்றால் நூல் விலை ஏறியது என்பதால்' எல்லாம் அந்த ரகம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போனால் 'ஆல்தோ தி வேஜஸ் வேர் லோ, பட் ஹி கன்டின்யூட்' என்றோ, 'பிகாஸ்' என்று தொடங்கி நடுவில் 'ஸோ' என்றோ எழுதத் தோன்றும். ஆங்கிலத்துக்கு அவற்றில் ஒன்று போதும். 'தோ... யெட்' ஜோடியைப் பழைய இலக்கண நூல்கள் ஏற்கின்றன என்பது மட்டும் விதிவிலக்கு. 'தி ரீசன்' என்று தொடங்கிய வாக்கியத்தில் 'இஸ் பிகாஸ்' என்பதும் இரட்டிப்புதான்; அங்கே 'இஸ் தட்' வர வேண்டும்.

பழைய இலக்கண நூல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 'ரென் அண்ட் மார்ட்டின்'. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பி.சி.ரென், பிரிட்டிஷ் இந்தியாவில் கல்வித் துறையில் பணியாற்றியவர். 1924இல் வெளிவந்த 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரும் அவரே. அந்தக் காலத்துக் கறாரான விதிகள் இன்றைய வினாத்தாள்களிலும் உயிரோடு இருக்கின்றன. 'நோ சூனர்' என்றால் பின்னால் 'தேன்'. 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' என்றால் 'வென்'. மூன்றில் எது தொடக்கத்தில் வந்தாலும் 'டிட்' அல்லது 'ஹேட்' எழுவாய்க்கு முன்னால் நிற்கும். இன்றைய ஆங்கில எழுத்தில் 'லெஸ்ட்' பெரும்பாலும் 'ஷுட்' இல்லாமலே வருகிறது. தேர்வு எழுதுகிறவர்கள் 'ஷுட்'டைக் கைவிடாமல் இருப்பது நல்லது.

ஒருமை, பன்மை இன்னொரு பொறி. 'முதலாளியும் நெசவாளர்களும் வந்திருந்தார்கள்' என்று தமிழ் கணக்குப் பார்க்காமல் பன்மைக்குப் போய்விடும். ஆங்கிலத்தில் 'தி ஓனர் ஆஸ் வெல் ஆஸ் தி வீவர்ஸ்' என்றால் வினை முதலில் நிற்கும் ஓனரைப் பார்த்து 'வாஸ்' ஆகும். 'நீதர் தி ஓனர் நார் தி வீவர்ஸ்' என்றால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து 'வேர்' ஆகும்.

தமிழ் எப்போதும் காலை வாரிவிடும் என்பதில்லை. 'ஹி நாட் ஒன்லி வீவ்ஸ் சாரீஸ் பட் ஆல்சோ தோத்தீஸ்' என்ற வாக்கியத்தின் பிழையைக் கண்டுபிடிக்கத் தமிழே உதவும். 'சேலை மட்டுமல்லாமல் வேட்டியும்' என்று சொல்லும்போது 'மட்டுமல்லாமல்' சேலையோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் 'நாட் ஒன்லி' அங்கேயே போக வேண்டும்: 'ஹி வீவ்ஸ் நாட் ஒன்லி சாரீஸ் பட் ஆல்சோ தோத்தீஸ்.'

'வேட்டியும்' என்பதில் வரும் 'உம்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. குரூப் 4க்குப் படிக்கிறவர்கள் எண்ணும்மை, முற்றும்மை என்று அவற்றில் சிலவற்றை இலக்கணக் குறிப்புக்காகப் படித்துமிருப்பார்கள். அந்தப் படிப்பை ஆங்கிலத் தாளுக்கும் பயன்படுத்தலாம். எஸ்.எஸ்.சி.யின் பழைய வினாத்தாள்களை எடுத்துக்கொள்ளலாம். அவற்றிலிருந்து இணைப்புச்சொல் கேள்விகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழ் வாக்கியத்தை எழுதி, மறுப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று அடிக்கோடிட்டுப் பழகலாம். நேரம் குறைவாக இருப்பவர்கள் 'போத்', 'அன்லெஸ்', 'அன்டில்', 'லெஸ்ட்' ஆகிய நான்கிலிருந்து தொடங்கி, ஜோடிகளை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.