ஆடிய மண்ணுக்கே வரி
1996 மார்ச் 11 அன்று சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் பொருதிய உலகக் கோப்பைக் கால் இறுதி ஆட்டம் பலருக்கு நினைவிருக்கலாம். அத்தொடருக்காக அயல்நாட்டுக் கிரிக்கெட் சங்கங்களுக்கு அளித்த தொகை லண்டனிலிருந்து கைமாறியபோதிலும், இந்தியாவில் நிகழ்ந்த ஆட்டங்களுக்குரிய பகுதிக்கு வருமானத்தின் மூலம் இம்மண்ணே என்றும், ஆதலால் அதில் வரி பிடித்திருக்க வேண்டும் என்றும் 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மிகவும் நியாயமான தீர்ப்பு அது. வந்து ஆடும் அயல்நாட்டு வீரரின் ஊதியத்துக்கும் விளம்பர வருவாய்க்கும், ஏன், விளையாட்டைப் பற்றி இந்தியப் பத்திரிகைகளில் எழுதும் கட்டுரைக்கும்கூட, செலவெதுவும் கழியாமல், 2012-இல் நூற்றுக்கு 20 வீதமாக வரி உயர்த்தப்பட்டது. அமெரிக்காவிலோ பல மாநிலங்களே வீரரின் பணி நாள்களை எண்ணித் தத்தம் பங்கைப் பெறுகின்றன. நம் அரசியல் சாசனத்தில், விவசாய வருமானம் நீங்கலாக, வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கே உரியது.