காருக்குப் பின்னால் வரும் வீடு!

முன்னால் கார் ஓடுகிறது. பின்னால் ஒரு வீடு ஓடுகிறது!

கதையல்ல, நிஜம்தான். அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் சாலைகளில் இந்தக் காட்சியைக் காணலாம்.

அந்த ஓடும் வீட்டுக்கு "டிரெய்லர்" என்று பெயர். அதற்கு எஞ்சின் கிடையாது. காரின் பின்புறம் உள்ள கொண்டியில் மாட்டி இழுத்துச் செல்வார்கள். உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு. பலவற்றில் கழிப்பறையும் உண்டு.

கணவன், மனைவி, குழந்தைகள் எல்லோரும் காட்டுக்குப் போய், சில நாள் தங்கித் திரும்புவார்கள். கேட்பதற்கு இன்பமாக இருக்கிறது. ஆனால் அந்த இன்பத்துக்குப் பின்னால் எவ்வளவு ஏற்பாடு தெரியுமா?

நதி பிறக்கும் காடு

மின்னசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் இட்டாஸ்கா என்ற மாநிலப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதல்ல. மாநில அரசு காத்துவரும் பெரிய காடு. பரப்பு 32,000 ஏக்கருக்கு மேல். உள்ளே 100-க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன.

புகழ்பெற்ற மிசிசிப்பி நதி இங்கேதான் பிறக்கிறது. 2,300 மைலுக்கு மேல் ஓடிக் கடலில் சேரும் அந்த மகாநதி, இங்கே சிறு ஓடைதான்! கற்களின் மேல் கால் வைத்துக் குழந்தைகள்கூட அதைக் கடந்துவிடுகிறார்கள்.

கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? தங்கும் இடத்தை 120 நாள் முன்பிருந்தே பதிவு செய்யலாம். கோடைக்கால சனி, ஞாயிறுகளுக்கு முந்திக்கொள்பவர்களுக்கே இடம்.

பதிவு செய்யும்போது இரண்டு கேள்விகள் முக்கியம். நம் டிரெய்லரின் நீளத்துக்கு அந்த இடம் போதுமா? அங்கே மின்சாரம் உண்டா?

முன்பாரம், பின்பாரம்

அடுத்தது சாமான் ஏற்றுவது. உயிர் காக்கும் வேலை இதுதான்.

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு திணறும். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான்!

டிரெய்லரின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை காரின் கொண்டியில் அமர வேண்டும். டிரெய்லர் 1,500 கிலோ என்றால், கொண்டியில் 150 முதல் 225 கிலோ வரை இறங்க வேண்டும்.

அது குறைந்தால் என்ன ஆகும்? வேகமாகப் போகும்போது டிரெய்லர் பாம்பு வால் போல இப்படியும் அப்படியும் ஆடும். ஆட்டம் மிஞ்சினால் காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

ஆகவே கனமான சாமான்களைச் சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரையோடு வைக்க வேண்டும். தண்ணீரின் எடையையும் மறக்கக்கூடாது. ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ!

அப்படியும் வழியில் ஆட ஆரம்பித்தால்? பயந்துபோய்க் கார் பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகத்தை மெல்லக் குறைக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் அதை மட்டும் பிடிக்கலாம்.

வண்டி ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக்கூடாது. எல்லோரும் காரில்தான் உட்கார வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும்

டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துவது ஒரு வித்தை. ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்த வேண்டும். பின்னால் ஒருவர் நின்று வழி சொல்வார். அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனால் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

பிறகு சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொண்டியைக் கழற்றலாம். முறை மாறினால் வீடு தானாகவே உருண்டு போய்விடும்!

இரவில் குளிர் அடிக்கும். அதற்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்கினால் பேராபத்து. கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

கரடிக்கு விருந்து வேண்டாம்

இந்தக் காட்டில் கருங்கரடிகள் உண்டு. மிச்சச் சோற்றை வெளியே வைத்தால் கரடியை விருந்துக்கு அழைத்தது போலத்தான். எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். புல்லில் விளையாடிவிட்டு வரும் குழந்தைகளின் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று மாலையில் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது. ஏன்? பட்டைக்குள் வண்டின் புழு ஒளிந்திருக்கலாம். 2002-ல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்துவிட்டது. ஊர்விட்டு ஊர் சென்ற விறகும் அது பரவ ஒரு காரணம்.

கழிவு நீரை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டுமே கொட்டலாம். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது.

ஒரே ஒரு ஓட்டு!

இத்தனை கட்டுப்பாடா என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். அவர்கள் இந்தக் காட்டின் வரலாற்றைக் கேட்க வேண்டும்.

ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் மரங்கள் கண்மூடித்தனமாக வெட்டப்பட்டன. மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று போராடியவர் ஜேக்கப் பிரோவர். 1891-ல் மாநிலச் சட்டசபை இதைப் பூங்காவாக்கியது. எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் தெரியுமா? ஒரே ஒரு ஓட்டு!

அப்போதும் தொல்லை தீரவில்லை. 1903-ல் மேரி கிப்ஸ் என்ற 24 வயதுப் பெண் பூங்காவின் அதிகாரியானார். மரம் வெட்டுவோர் கட்டிய அணையால் கரையோரம் நீரில் மூழ்கியது. மதகைத் திறக்கச் சொல்லி அவர் நேரில் சென்றார். துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். அவர் அஞ்சவில்லை!

அவர்கள் காத்துக் கொடுத்த காட்டில்தான் இன்று குழந்தைகள் ஒரு மகாநதியை நடந்தே கடக்கிறார்கள். நாளை வரும் குழந்தைகளுக்கும் அந்த இன்பம் மிஞ்ச வேண்டாமா?

நாலு நாள் தங்கலாம். ஆனால் புறப்படும்போது, யாரும் வந்த சுவடே தெரியக்கூடாது. காட்டுக்குச் செலுத்தும் வாடகை அதுதான்.