குதிரைக்கு எத்தனை கால் தரையில்?

ஒரு சின்னக் கேள்வி. ஓடுகிற குதிரையின் நான்கு கால்களும் ஏதாவது ஒரு கணத்தில் சேர்ந்தாற்போல் தரையை விட்டு எழும்புமா, எழும்பாதா?

‘ரொம்ப முக்கியம்! மாசம் இருபத்தஞ்சாம் தேதி, பர்ஸ்ல பஸ் டிக்கெட்டுக்குத்தான் காசு இருக்கு. இப்ப குதிரையோட கால் ஒண்ணுதான் குறைச்சல்!’ என்கிறீர்களா? வாஸ்தவம். இந்த மாதிரிக் கவலையெல்லாம் பணக்காரர்களுக்குத்தான் வரும். 1872-ல் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தது. ரயில்வே முதலாளி, கலிஃபோர்னியாவின் முன்னாள் கவர்னர், லாயம் நிறைய ரேஸ் குதிரைகள். நாலு காலும் எழும்பும் என்பது அவர் கட்சி. இதற்காக இருபத்தையாயிரம் டாலர் பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், ஆதாரம் கிடையாது. ஆனால் நிரூபிக்க ஒரு போட்டோகிராபரைக் கூப்பிட்டது நிஜம்.

வந்தவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். விசித்திரமான ஆசாமி. இங்கிலாந்தில் கிங்ஸ்டனில் பிறந்தபோது பெயர் மக்கரிட்ஜ். அமெரிக்கா போய்ப் புத்தக வியாபாரம் பார்த்தார். அவ்வப்போது பெயரில் நாலு எழுத்தை மாற்றி மாற்றி கடைசியில் மைபிரிட்ஜில் வந்து நின்றார். (நியூமராலஜி இல்லை, அதுவே ஒரு குணம்!) 1860-ல் கோச் வண்டி விபத்தில் தூக்கி எறியப்பட்டு மண்டையில் பலத்த அடி. கொஞ்ச காலம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததாம். அதன்பிறகு ஆள் ஒரு தினுசாகிவிட்டார் என்று நண்பர்கள் பிற்பாடு கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள்.

கோர்ட்டா? ஆமாம். குதிரை வேலை அரைகுறையாக நிற்கும்போதே மனுஷர் ஒரு கொலை செய்துவிட்டார். 1874-ல் தன் குழந்தையின் போட்டோ ஒன்று கைக்கு வருகிறது. பின்னால் மனைவியின் கையெழுத்தில் ‘குட்டி ஹாரி’ என்று எழுதியிருக்கிறது. ஹாரி லார்கின்ஸ் என்பது மனைவியின் சிநேகிதன் பெயர். அன்றைக்கே கிளம்பிப் போய், ஆளை வாசலுக்கு வரவழைத்துச் சுட்டார். வக்கீல் ‘சித்தம் கலங்கியவர்’ என்று வாதாடினார். ஜூரிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘தெளிவாகத்தான் சுட்டிருக்கிறார், ஆனால் சுட்டது நியாயம்தான்’ என்று விடுதலை செய்துவிட்டார்கள்! 1875-ல் மனைவியும் இறந்துபோனாள். குழந்தை அனாதை விடுதிக்குப் போனது. போட்டோவின் முன்பக்கத்தை விடப் பின்பக்கம் அதிகம் பேசிய சந்தர்ப்பம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்து மறுபடி குதிரை. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஈரமாக ரசாயனம் பூசி, காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். உட்கார்ந்திருக்கும் தாத்தாவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தால்தான் படத்தில் விழுவார். ஓடுகிற குதிரை எப்படி விழும்? முதலில் எடுத்தவை வெறும் நிழல் மாதிரி இருந்தன. 1877-ல் ஒரு படம் வெளியானது. அதில் தூரிகை விளையாடியிருக்கிறது என்று பத்திரிகைகள் சந்தேகப்பட்டன. சந்தேகம் சரிதான், டச்சப் செய்திருந்தார்கள்.

எனவே 1878 ஜூனில், பாலோ ஆல்டோவில் ஸ்டான்ஃபோர்டின் பண்ணையில், பத்திரிகைக்காரர்களை வரவழைத்தே பரீட்சை வைத்தார்கள். (இன்றைக்கு ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டி இருக்கும் இடம் அதுதான்.) பாதையின் ஒரு பக்கம் வெள்ளைத் தடுப்பு, எதிரே ஷெட்டில் வரிசையாக 12 காமிராக்கள். பாதையின் குறுக்கே 27 அங்குலத்துக்கு ஒரு நூல். ஸாலி கார்ட்னர் என்ற பெண்குதிரை மணிக்கு 36 மைல் வேகத்தில் நூல்களை அறுத்துக்கொண்டு ஓட, ஒவ்வொரு நூலும் ஒரு ஷட்டரைத் தட்டிவிட்டது. ஷட்டரை விடுவிக்கிற மின்சார ஏற்பாட்டை வடிவமைத்தவர் ஜான் ஐசக்ஸ் என்ற ரயில்வே இன்ஜினீயர். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஒரு வினாடியில் 25-ல் ஒரு பங்கு. அரை நிமிஷம்கூட ஆகாத வேலை. தகடுகளை அங்கேயே கழுவிக் காட்டினார்கள்.

கால்கள் எழும்பின. ஸ்டான்ஃபோர்டு சொன்னது சரி. ஆனால் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் எழும்பியிருந்தன. அதுவரை ஓவியர்கள் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்னங்கால் இரண்டையும் பின்னால் நீட்டி, குதிரையைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தார்கள். படத்திலோ, நான்கு காலும் வயிற்றுக்கடியில் மடங்கிச் சுருண்டிருக்கும்போதுதான் குதிரை அந்தரத்தில் நிற்கிறது. கம்பீரம் கிடையாது. செத்த பூச்சி மாதிரி இருந்தது.

‘இதெல்லாம் ஒரு குதிரையா?’ என்றார்கள். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. காமிரா சொன்ன நிஜத்தைக் கண் நம்ப மறுத்தது. அதை நம்ப வைக்க மைபிரிட்ஜ் கண்ணை ஏமாற்ற வேண்டியிருந்தது!

ஒரு கண்ணாடி வட்டின் விளிம்பைச் சுற்றிப் படங்களை வரிசையாகப் பதித்து, விளக்கு வெளிச்சத்தில் சுழற்றித் திரையில் விழச் செய்தார். எதிர்த்திசையில் இடுக்கு வெட்டிய இன்னொரு தகடு சுழலும். ஜூப்ராக்ஸிஸ்கோப் என்று வாயில் நுழையாத பெயர் வைத்தார். பூச்சி மாதிரிக் கிடந்த அதே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததும் குதிரை ஜம்மென்று ஓடியது. இதில் ஒரு வேடிக்கை. சுழற்சியில் உருவம் ஒடுங்கித் தெரியும் என்பதால், போட்டோவைப் பார்த்துக் குதிரையை நீட்டி வரைந்துதான் வட்டில் ஏற்றினார். 1881-ல் பாரிஸில், குதிரை ஓவியத்துக்குப் பேர்போன மெஸ்ஸோனியே தன் வீட்டிலேயே விருந்து வைத்து, அழைத்திருந்தவர்களுக்கு அவரைப் படம் காட்டச் சொன்னார்.

ஓடாத படம் எப்படி ஓடுகிறது? கல்யாண மண்டப வாசலில் சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் ஓடும், பல்பு எதுவும் ஓடாது. 1912-ல் மாக்ஸ் வெர்த்தைமர் என்ற ஜெர்மன் மனோதத்துவக்காரர் இரண்டே கோடுகளை வைத்து இதை ஆராய்ந்தார். இடைவெளி ரொம்ப அதிகமானால் இரண்டு கோடும் தனித்தனி. ரொம்பக் குறைந்தால் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். நடுவில் ஒரு பதத்தில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரியும். நடுவில் நடந்த பயணத்தை மூளை தானாகவே இட்டுக்கட்டுகிறது. ஃபிலிம் ப்ரொஜெக்டர் காலத்தில் வினாடிக்கு 24 படம். ஒன்றை இறக்கி அடுத்ததை ஏற்றும்போது ஷட்டர் மூடிக்கொள்ளும். கணக்குப் பார்த்தால் ஏறக்குறையப் பாதி நேரம் திரை இருட்டு. டிக்கெட் காசில் பாதியைத் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இனி வருவது ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டாத சமாசாரம். 1882-ல் ஸ்டான்ஃபோர்டு தன் டாக்டர் நண்பர் பெயரில் குதிரை ஓட்டம் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். உள்ளே பெரும்பாலும் மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்து வரைந்தவை. முகப்பில் அவர் பெயர் இல்லை. அதே சமயம் லண்டனில் ராயல் சொசைட்டி அவர் கட்டுரையை வெளியிட இருந்தது. புத்தகத்தைப் பார்த்ததும், ‘இது யாருடைய வேலை?’ என்று சந்தேகப்பட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். ராப்பகலாக உழைத்தவர் திருடனாக நின்றார். ஸ்டான்ஃபோர்டு மேல் வழக்குப் போட்டார். தோற்றார். கொலை வழக்கில் ஜெயித்தவர் சொந்தப் படத்துக்கான வழக்கில் தோற்றார்!

ஆனால் உட்கார்ந்துவிடவில்லை. பென்சில்வேனியா யூனிவர்சிட்டியில் புதிதாக ஆரம்பித்து மனிதன், யானை, பூனை என்று ஒருவரையும் விடாமல் எடுத்து 1887-ல் 781 தகடுகளாக வெளியிட்டார். இந்தத் தடவை அவர் பெயரில். மறு வருஷம் எடிசனைச் சந்தித்து, இவருடைய படத்தையும் அவருடைய ஃபோனோகிராஃபையும் சேர்த்தால் என்ன என்று பேசினார். அது கைகூடவில்லை. 1895-ல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் சினிமா காட்டியதும் வட்டு பழசாகிப் போனது.

குதிரை மட்டும் நிற்கவில்லை. 1999-ல் ‘மேட்ரிக்ஸ்’ படத்தில் ஹீரோ பின்னால் வளைந்து குண்டுக்கு டிமிக்கி கொடுப்பாரே, அதை எடுத்ததும் வரிசையாக நிறுத்திய ஸ்டில் காமிராக்களை வைத்துத்தான். 2017-ல் ஹார்வர்டு விஞ்ஞானிகள் உயிருள்ள பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் ஒரு படத்தைப் பதிந்து, திரும்ப எடுத்து ஓட்டினார்கள். எந்தப் படம் என்கிறீர்கள்? மைபிரிட்ஜின் குதிரை, ஐந்து ஃப்ரேம்.

அவர் 1904-ல், பிறந்த ஊரிலேயே காலமானார். பெயரை அத்தனை தடவை மாற்றியவருக்குக் கல்லறைக் கல்லில் கடைசியாக ஒரு தடவை மாற்றினார்கள், தப்பாக. ‘மேபிரிட்ஜ்’ என்று செதுக்கியிருக்கிறது.