உங்களுக்குத் தெரியுமா? உடற்பயிற்சிக் கூடமும் கணக்கில் வராத செலவும்

உடற்பயிற்சிக் கூடம் தொடங்க உத்தேசிப்போர், கருவிகளின் விலையையும் கட்டடத்தின் அட்வான்ஸையும் மாத்திரம் கணக்கிட்டுத் திருப்தியடைவது சகஜம். 2025 செப்டம்பர் 22 முதல் இக்கூடங்களின் கட்டணத்துக்குரிய ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததை அங்கத்தினர்கள் சந்தோஷத்துடன் வரவேற்றிருக்கலாம். ஆனால், தாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் பாத்தியதை நடத்துபவர்களுக்கு அத்துடன் இல்லாமற்போயிற்று என்பதும், அதனால் மாதம் 50,000 ரூபாய் வாடகையின்மேல், வரிப் பதிவு பெற்ற கட்டடச் சொந்தக்காரருக்குச் செலுத்தும் 9,000 ரூபாய் வரி முழுவதும் சொந்தச் செலவாகவே நின்று, வருஷத்துக்கு 1,08,000 ரூபாயாகத் திரண்டுவிடும் என்பதும் பலருடைய பட்ஜெட்டில் இடம்பெறுவதில்லை. டிரெட்மில் பெல்ட் தேய்வதாவது கண்ணுக்குத் தெரியும்; இத்தகைய செலவுகளோ தெரிவதில்லை. உற்சாகத்துக்காக ஒலிக்கவிடும் சினிமாப் பாட்டுக்கும், 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, தனி உரிமம் அவசியம். சொந்த உபயோகத்துக்காக இசைச் செயலிக்குக் கட்டிய மாதச் சந்தா அதற்கு ஈடாகாது.