தலைக்குள் நீரோட்டம்: எம்.ஆர்.ஐ. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

"சாயம் எதுவும் ஏற்றவில்லை. பிறகு எப்படி மூளைக்குள் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஸ்கேனில் தெரிகிறது?" குளுவாங் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவருடைய தந்தைக்கு நடை தளர்ந்து, மறதியும் கூடியிருக்கிறது. மூளை அறைகளில் நீர் கோத்திருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிக்கிறார்.

பெரியவர்களின் தலையிலும் முதுகுத்தண்டிலும் சுமார் 150 மில்லிலிட்டர் மூளைத்தண்டுவடத் திரவம் இருக்கிறது. நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கிறது. எம்.ஆர்.ஐ. காட்டுவது அந்த மெதுவான சுரப்பை அல்ல, ஊசலாட்டத்தை. இதயம் துடிக்கையில் மண்டைக்குள் ரத்தம் பாய்கிறது, மண்டையோடு விரியாது, ஆகவே திரவம் முதுகுப் பக்கம் இறங்குகிறது. துடிப்பு தணிந்ததும் மேலே ஏறுகிறது.

இதை அளக்கும் உத்திதான் அழகு. குளுவாங் ரயில் நிலைய நடைமேடையில் எல்லாருடைய கையிலும் கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நிமிடம், ஜொகூர் பாரு பக்கம் தள்ளி நிற்பவரின் கடிகாரம் வேகமாகவும் கெமாஸ் பக்கம் நிற்பவருடையது மெதுவாகவும் ஓடுகிறது. அடுத்த நிமிடம் அப்படியே தலைகீழ். உட்கார்ந்த இடத்தில் காப்பி குடித்தவருக்கு இரண்டும் கழிந்து, நேரம் சரியாக இருக்கும். நடந்தவருக்குக் கழியாது. பிழையின் அளவு அவர் வேகத்தைச் சொல்லும். கடிகாரம் முந்தியதா பிந்தியதா என்பது திசையைச் சொல்லும். ஓட்டமாக ஓடியவருக்கு ஏழு மணி நேரம் முந்தினால், முள்ளைப் பார்ப்பவருக்கு அது ஐந்து மணி நேரம் பிந்தியதாகத்தான் தெரியும். வடக்கே கெமாஸ் பக்கம் ஓடியவர் தெற்கே போனதாகக் கணக்காகிவிடும்!

அந்தக் கடிகாரங்கள் ஹைட்ரஜன் அணுக்கருக்கள். முள்ளின் இடம் அவற்றின் சுழற்சிக் கட்டம். வேகப்படுத்தித் தாமதப்படுத்துவது, அடுத்தடுத்து எதிரெதிராகச் சாய்க்கப்படும் காந்தப்புலம். திசை குழம்பாமலிருக்க, எதிர்பார்க்கும் உச்ச வேகத்தை முன்கூட்டியே குறிக்க வேண்டும். இந்தத் திரவத்துக்கு வழக்கமாக விநாடிக்கு 5 முதல் 20 சென்டிமீட்டர்.

திரையில் ஓடும் படம் ஒரே துடிப்பின் நேரடிக் காட்சி அல்ல. சில நிமிடங்களில் நிகழும் பல துடிப்புகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தைத்தது. இதயத்துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் தையல் பிசகும்.

வரலாறு சுருக்கமானது. 1960-இல் எர்வின் ஹான் கடல்நீரின் நகர்வை அளக்க இதே தத்துவத்தை முன்வைத்தார். 1980-களில் அது மருத்துவப் படமாயிற்று.

ஆரவாரத்தை நம்புவதில் நிதானம் வேண்டும். மூளையின் குறுகிய கால்வாயில் ஒரு துடிப்புக்கு 42 மைக்ரோலிட்டருக்கு மேல் திரவம் அசைந்தால் நீர் கோத்தவருக்கு அறுவை சிகிச்சை பலிக்கும் என்று 1996-இல் வில்லியம் பிராட்லி குழு எழுதியது. இயந்திரத்துக்கு இயந்திரம் அளவு மாறுவதால் அந்த எண்ணை எல்லா ஊருக்கும் பொதுவிதியாக வைக்க முடியாது. தூக்கத்தில் இத்திரவம் பெரிய அலைகளாக அசைவதை 2019-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் படம்பிடித்ததும், 'தூங்கினால் மூளை கழுவப்படும்' என்ற செய்தி பரவியது. அவர்கள் படத்தில் கண்டது அசைவை. கழிவு வெளியேறியதை அல்ல.

பிறவிச் சிறுமூளை அமைப்புக் கோளாறுகளில் கழுத்தருகே ஓட்டம் தடைபடுகிறதா, மூளை அறையில் போட்ட துளை அடைபடாமல் இருக்கிறதா என்று பார்க்க இந்தப் படம் பெரிதும் உதவும். முதியவரின் நடைத் தளர்ச்சிக்கு இது மட்டும் போதாது. முதுகில் ஊசி வழியாக 30 முதல் 50 மில்லிலிட்டர் திரவத்தை எடுத்துவிட்டு, நடை தேறுகிறதா என்று பார்க்கும் சோதனை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. குளுவாங் வாசகர் ஸ்கேன் அறிக்கையோடு அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்பது நல்லது.