இரண்டு சுற்று ஓட்டமும் ஒரு தடையும்

ஒலிம்பிக்கில் பெண்கள் 200 மீட்டருக்கு மேல் ஓடவே முடியாத ஒரு காலம் இருந்தது, தெரியுமா?

1928, ஆம்ஸ்டர்டாம். ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் முதன்முறையாக நடந்தது அங்கேதான். அவற்றில் 800 மீட்டர் ஓட்டமும் ஒன்று. ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு தங்கம் வென்றார். வெள்ளி, ஜப்பானின் கினுவே ஹிதோமிக்கு. நூறு மீட்டரில் இறுதிச் சுற்றைக் கோட்டைவிட்டவர், விடாமல் இந்த ஓட்டத்தில் இறங்கினார். ஜப்பானியப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

பத்திரிகைகளோ வேறு கதை எழுதின. ஓடிய பெண்கள் பலர் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார்களாம், பார்க்கவே பரிதாபமாம்! எல்லாம் ஊதிப் பெருக்கிய செய்தி. அந்த ஓட்டத்தின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. களைப்பில் தரையில் சாய்ந்தவர்கள் உண்டுதான். முழு மூச்சாக இரண்டு சுற்று ஓடிய யாரும் அப்படித்தான் சாய்வார்கள். ஆண்கள் சாய்ந்தால் மட்டும் அதற்கு வீரம் என்று பெயர்.

பெண்ணுடல் இதைத் தாங்காது என்று முடிவுகட்டி, அடுத்த ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தையே நீக்கிவிட்டார்கள். மறுபடி அது இடம்பெற்றது 1960-இல், ரோம் நகரில். பெண்களுக்கான மராத்தான் வரவோ 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட்.